வலைக் கொட்டகை வரைபடம்

அன்பு மகளுக்கு,

வலைக் கொட்டகைக்கு நீ அனுப்பிய வரைபடத்தைப் பார்த்தேன் தாயி. கடல் பக்கம் மூன்றடிச் சுவர் காட்டியிருக்கிறாய். அதை ஒன்றரை அடியாகக் குறை. வலை பின்னுகிறவர்கள் தரையில்தான் உட்காருவார்கள். உட்கார்ந்தவர் கண்ணுக்கு இரண்டரை அடி உயரம்தான். வள்ளம் வருவது தெரியாத இடத்தில் யார் உட்காருவார்கள்? பழையபடி பூவரச மரத்தடிக்கே போய்விடுவார்கள்.

சுவரே வேண்டாமென்று விடவும் முடியாது. நம் கரை தென்கடல், அதாவது கடல் நமக்குத் தெற்கே. ஆனி, ஆடியில் சோளகம் என்கிற தெற்குக் காற்று மணலை வாரிக்கொண்டு வரும். அந்த மணலில் பெரும்பகுதி முழங்காலுக்குக் கீழேதான் ஓடும், ஒன்றரை அடி போதும். மூலைக்கு ஒன்றாக அரையடித் திறப்பு விடு. இல்லாவிட்டால் உள்ளே விழுந்த மணலைக் கூட்டித் தள்ள வழியிருக்காது.

வாடை மழை வடகிழக்கிலிருந்து அடிக்கும். அந்தப் பக்கம் கூரையைத் தாழ இறக்கு, ஆனால் சுவரை முழுசாக அடைக்காதே. தெற்கே நுழைந்த காற்றுக்குப் போக்கிடம் இல்லையென்றால் கூரையைத் தூக்கிவிடும். செங்கலை இடைவெளி விட்டு அடுக்கச் சொல். இதே படத்தை வடகடல் ஊர் எதற்கும் கொடுத்துவிடாதே. அங்கே கடலும் வடக்கே, கொந்தளிப்பதும் வாடைக் காலத்தில்.

கடல் சாரல் படும் தூணுக்கு ஐ.எஸ். 456, அந்தக் கான்கிரீட் தர விதி, சொல்வது எம்35 என்கிற வலுத் தரத்தில் கான்கிரீட், கம்பியை மூடி 50 மி.மீ. கான்கிரீட் கவர். கலவைத் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மி.கி.யைத் தாண்டக் கூடாது, அதனால் கரையோரக் கிணற்று நீரைச் சோதிக்காமல் ஊற்றாதே. கடல் மணலும் வேண்டாம். உப்பு ஏறினால் கம்பி துருப்பிடித்துப் பருக்கும், கான்கிரீட் வெடித்து உதிரும். அந்த இடைவெளிக்காகக் கம்பிக்கு அண்டை கொடுக்கும் கவர் பிளாக் கட்டை இருக்க வேண்டிய இடத்தில் ஜல்லியைச் சொருகுவார்கள். கூடவே நின்று பார்.

பவளப்பாறைக் கல் பதிக்கும் ஆசையை விட்டுவிடு. தனுஷ்கோடி தேவாலயச் சுவரில் இருப்பது 1964 புயலுக்கு முந்தியது. இன்றைக்குப் பவளம் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, தொட்டால் வழக்கு.

சுவரில் மீன் படமாம்! மீன்காரர்களுக்கு எதற்கு மீன் படம்? அந்தக் காசில் ஒரு குடிதண்ணீர்த் தொட்டி வை. தரையை வழவழப்பாகப் பூசச் சொல், சொரசொரப்பில் வலைக் கண்ணி மாட்டும். வலை கட்ட இரும்புக் கொக்கி வேண்டாம், வைரம் பாய்ந்த பனையில் முளை செதுக்கிக்கொள்ளலாம்.

தூணுக்குக் குழி எடுக்குமுன் அதே அளவில் கம்பு நட்டுக் கீற்று வேய்ந்து ஒரு ஆடியும் ஒரு கார்த்திகையும் விட்டுப் பார். மேற்கு வெயிலுக்கு இரண்டு பூவரசங் கிளைப் போத்தை ஐப்பசி முதல் மழையில் நானே நட்டுவிடுகிறேன். எந்த இடமென்று படத்தில் குறித்து அனுப்பு.

அன்புடன்,
அப்பா