மம்பட்டிக்கு நடுவில் ஓர் அகரம்

கோபி,
தை 20

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதம் வந்தது. தங்கச்சிக்கு முழங்கால் வலி தேவலை என்று படித்ததும் மனசுக்கு ஆறுதலாக இருந்தது. இங்கே மஞ்சள் வெட்டு ஆரம்பித்தாயிற்று. பொழுதோட வரைக்கும் தெருவில் ஆளையே பார்க்க முடியாது. அம்மணி மாசியில் வருகிறாள். அவள் வந்ததும் பெருந்துறைக்கு ஒரு நடை வருகிறோம்.

கோயில் குடமுழுக்கு மலரை நீ எடுத்துச் செய்வது ரொம்ப நல்ல காரியம். அதில் உனக்கு வந்திருக்கும் இடைஞ்சல்களை எழுதியிருந்தாய். ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு. எல்லாவற்றையும் "கம்ப்யூட்டர் சரியில்லை" என்று ஒரே மூட்டையாகக் கட்டினால் எதுவும் தீராது.

முதலில் அச்சகத்திலிருந்து வந்த பழைய ஃபைல். அதைத் திறந்தால் தமிழ், நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால் ஆங்கிலக் குப்பை என்கிறாய். அந்த ஃபைலுக்குள் தமிழே இல்லை. பாமினி மாதிரியான பழைய ஃபாண்ட்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்தவை. பாமினியில் நீ "அம்மா" என்று பார்ப்பது கணினிக்கு எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகள்தான். ஃபாண்ட்டை எடுத்துவிட்டால் உள்ளே இருப்பது வெளியே தெரிகிறது. என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற மாற்றியில் கொடுத்து, தமிழுக்கென்றே தனிக் குறிகள் வைத்திருக்கும் உலகப் பொது முறையான யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். அதற்கு ஃபாண்ட்டின் பெயர் சரியாகத் தெரிந்திருக்க வேண்டும். பாமினிக்கும் வானவில் என்ற ஃபாண்ட்டுக்கும் குறியாக்கம் வேறு. மாற்றும் முன் மூல ஃபைலுக்கு ஒரு பிரதி எடுத்து வை. நடுநடுவே ஆங்கிலத்தில் இருக்கும் பெயர்களையும் மின்னஞ்சல் முகவரிகளையும் முன்பே வெட்டித் தனியாக வைத்துக்கொள். இல்லாவிட்டால் மாற்றி அவற்றையும் தமிழென்று நினைத்து உருத்தெரியாமல் ஆக்கிவிடும்.

நம்ம கோவையில் செம்மொழி மாநாடு நடந்த 2010 ஜூனில்தான் தமிழக அரசு யூனிகோடைத் தன் தரமாக ஆணையிட்டது. இனிமேல் புதிதாக அடிப்பது எதுவானாலும் யூனிகோடில்தான் அடிக்க வேண்டும். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதே.

அடுத்தது கீபோர்டு. தமிழுக்கென்றே அமைந்த தமிழ்99 விசை அமைப்பை நாலு நாள் முயன்றுவிட்டு மறுபடி ஆங்கில எழுத்தில் அடிக்கும் முறைக்கே போய்விட்டதாக எழுதியிருக்கிறாய். எனக்கு அது வருத்தமாக இருக்கிறது. கோயம்புத்தூர் என்று அடிக்க அந்த முறையில் பதினைந்து தட்டு, தமிழ்99-இல் பதினொன்று. பெருந்துறைக்கு ஒன்பதே தட்டு, அதிலும் ஷிப்ட் ஒரு இடத்திலும் கிடையாது. தட்டு மிச்சமாவதைக் காட்டிலும் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. ஆங்கில வழியில் அடிக்கும்போது மனசு ஒவ்வொரு சொல்லையும் முதலில் ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டிப் பார்க்கிறது. ல, ள, ழ மூன்றுக்கும் எது பெரிய எழுத்து, எது சின்ன எழுத்து, எது இசட் என்று யோசிக்கிறது. தமிழ்99 நம் இலக்கணப்படியே போகிறது: மெய்யும் உயிரும் சேர்ந்தால் உயிர்மெய். க-வைத் தட்டி ஓ-வைத் தட்டினால் கோ. கொம்பு, கால், சுழி என்று வடிவத்தைப் பற்றிய நினைப்பே வேண்டாம்.

அமைப்பை ஒரு தரம் மனசில் வாங்கிக்கொள். இடது கை உயிருக்கு, வலது கை மெய்க்கு. இடது கை நடுவரிசையில் ஏ முதல் ஜி வரை அ, இ, உ, புள்ளி, எ. அவற்றின் தலைக்கு மேலேயே நெடில்: அ-வுக்கு மேலே ஆ, இ-க்கு மேலே ஈ, உ-வுக்கு மேலே ஊ, எ-வுக்கு மேலே ஏ. புள்ளிக்கு மேலே ஐ. ஔ, ஓ, ஒ மூன்றும் கீழ்வரிசையில். வலது கை நடுவரிசையில் எச்-இலிருந்து க, ப, ம, த, ந, ய. மேலே ள, ற, ன, ட, ண, ச, ஞ. கீழே ல, ர, கடைசியில் ழ. வ-வும் ங-வும் மட்டும் இடது கைப்பக்கம் கீழ்வரிசையில் இருக்கின்றன. வி-யில் வ, பி-யில் ங. எஃப், ஜே விசைகளைத் தடவிப் பார், சின்னதாக ஒரு மேடு இருக்கும். ஒன்றில் புள்ளி, இன்னொன்றில் ப. கண்ணை எடுக்காமல் கை வீடு திரும்ப அதுவே அடையாளம். ஸ, ஷ, ஜ, ஹ, க்ஷ எல்லாம் மேல்வரிசையில் ஷிப்ட்டோடு.

நீ விட்டுவிட்டு வந்த இடம் புள்ளிதான் என்று உன் எழுத்திலேயே தெரிகிறது. "நொய்யல் நதி" என்று அடித்தால் "ந்தி" வருகிறது, சாஃப்ட்வேர் கெட்டுப்போய்விட்டது என்று எழுதியிருந்தாய். கெடவில்லை. தமிழில் க்க, த்த, ப்ப போன்ற இரட்டிப்பும் ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற என்ற இன எழுத்துச் சேர்க்கையும் அடிக்கு ஒரு தரம் வரும். அங்கெல்லாம் முதல் எழுத்துக்குத் தானாகவே புள்ளி விழும்படி விதி வைத்திருக்கிறார்கள். கொங்கு என்பதற்கு க, ஒ, ங, க, உ என்று ஐந்து தட்டு போதும். புள்ளியைத் தொடவே வேண்டாம். கம்பு, மஞ்சள், அந்தியூர், காங்கேயம் எல்லாம் இதே வசதியில் ஓடும்.

ஆனால் விதிக்குச் சொல்லின் பொருள் தெரியாது. ந-வும் த-வும் அடுத்தடுத்து வந்தால் புள்ளி வைத்துவிடும். அங்கே நடுவில் ஓர் அ தட்ட வேண்டும்: ந, அ, த, இ. எழுத்து எதுவும் கூடுதலாக விழாது. "இந்த ந அகரத்தோடு முடிந்தது" என்று சொல்வதற்கு மட்டும்தான் அந்த அ. மம்பட்டிக்கு முதல் ம-வுக்குப் பின் அ தட்டு. பப்பாளி, தத்துவம், சசி, மமதை எல்லாவற்றுக்கும் முதலெழுத்தின் பின் இதே வைத்தியம். உன் மலரில் "பரமபதம்" பத்து இடத்திலாவது வரும். ம-வுக்குப் பின் அ தட்டாவிட்டால் "பரம்பதம்" என்று அச்சாகிவிடும். எழுத்துப்பிழை தேடும் கண்ணுக்கு அது சட்டென்று பிடிபடாது, அதனால் ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் ஒட்டி வை.

தமிழ்99-ஐ விண்டோஸ் கணினியில் வைக்கும் முறை: செட்டிங்ஸில் டைம் அண்ட் லாங்குவேஜ், அதற்குள் லாங்குவேஜ் அண்ட் ரீஜன். தமிழ் (இந்தியா) சேர்த்து, பக்கத்தில் இருக்கும் மூன்று புள்ளியை அழுத்தி லாங்குவேஜ் ஆப்ஷன்ஸ் போ. ஆட் எ கீபோர்டில் தமிழ் 99-ஐத் தேர்ந்தெடு. தமிழைச் சேர்த்ததும் விண்டோஸ் தானாக வேறொரு தமிழ் கீபோர்டையும் வைத்திருக்கும், அதை நீக்கிவிடு. நீ க என்று நினைத்துத் தட்டியதில் சம்பந்தமில்லாத எழுத்து வந்ததற்கு அதுவே காரணமாக இருக்க வேண்டும். விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ் தட்டினால் மொழி மாறும். இ-கலப்பை என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளையும் போட்டிருக்கிறாய் அல்லவா? இரண்டும் ஒன்றாக ஓடக்கூடாது. இ-கலப்பை வேண்டுமென்றால் விண்டோஸ் ஆங்கிலத்தில் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் ஒன்று மாற்றியதை இன்னொன்று மாற்றும்.

பாஸ்வேர்டு ஏற்கவில்லை என்றால் முதலில் திரையின் வலது கீழ் மூலையில் எந்த மொழி நிற்கிறது என்று பார். அட்வான்ஸ்டு கீபோர்டு செட்டிங்ஸில் ஒவ்வொரு ஜன்னலுக்கும் தனி மொழி வைக்க ஒரு டிக் இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் வேர்டு தமிழிலேயே இருக்கும், பிரவுசர் ஆங்கிலத்திலேயே இருக்கும். சாய்கோடு இருந்த விசையில் ழ உட்கார்ந்திருப்பதால் தேதியை 14.4.2025 என்று புள்ளி வைத்தே எழுதிப் பழகு. இன்னொன்று: பேக்ஸ்பேஸ் ஒவ்வொரு குறியாக அழிக்கும். கொ மேல் ஒரு தட்டு தட்டினால் க மிஞ்சும், அங்கே வேண்டிய உயிரைத் தட்டிக்கொள்ளலாம். டிலீட் முழு எழுத்தையும் எடுத்துவிடும். பிழை திருத்தப் பேக்ஸ்பேஸே தோது.

தேடினால் கிடைப்பதில்லை என்றாயே, அது இந்த வேலையிலேயே நுணுக்கமான இடம். கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது உள்ளே வேறாக இருக்கிறது. மாற்றியிலிருந்து வந்த பகுதியிலும், தட்டச்சுப்பொறி பழக்கத்தில் வடிவம் பார்த்து அடித்தவர்கள் கொடுத்த பகுதியிலும் இது நிறைய இருக்கும். ர் என்பதற்குப் பதில் காலைப் போட்டு அதன் மேல் புள்ளி வைத்திருப்பார்கள்; "ஊர்" என்று தேடினால் "ஊா்" கிடைக்காது. காலுக்கு மேல் புள்ளி தமிழில் எங்கும் வராது என்பதால் இதை ரீப்ளேஸ் ஆல் போட்டு ஒரே வீச்சில் மாற்றலாம். தப்பானதை நகலெடுத்துத் தேடும் பெட்டியில் ஒட்டு, சரியானதைப் புதிதாக அடி.

பௌர்ணமி, கௌரி, மௌனம் விஷயத்தில் மட்டும் அந்த அவசரம் கூடாது. பலர் கொம்பும் ள-வும் போட்டு "பெளர்ணமி" என்று அடித்திருப்பார்கள். கொம்பு-ள எல்லாவற்றையும் ஔகாரமாக மாற்று என்று உத்தரவு போட்டால் வெள்ளி, வெள்ளாடு, தெளிவு எல்லாம் பாழாகும். ஒவ்வொரு சொல்லாக எடுத்து மாற்று. அப்புறம் ஸ்ரீ. இதற்கு இரண்டு வழி உண்டு: ஸ-வில் தொடங்குவது ஒன்று, 2005-இல் யூனிகோடில் சேர்ந்த ஶ-வில் தொடங்குவது இன்னொன்று. திரையில் இரண்டும் ஒரே மாதிரி. கோயில் மலரில் ஸ்ரீ இல்லாத பக்கம் இருக்காது. ஒன்றை முடிவு செய்து முழுக்க அதையே வை, இல்லாவிட்டால் பெயர் அகராதி வரிசையில் ஒரே சாமி இரண்டு இடத்தில் வந்து நிற்கும்.

பழகும் முறைக்கு வருகிறேன். தினம் காலையில் இருபது நிமிடம், பொழுதோட இருபது நிமிடம் போதும். விசைகளில் ஸ்டிக்கர் ஒட்டாதே. கண் கீழே போய்க்கொண்டே இருக்கும். படத்தை அச்செடுத்துத் திரைக்குக் கீழே ஒட்டு. முதல் வாரம் நடுவரிசை மட்டும்: கம்பு, உப்பு, பத்து, தம்பி, கத்தி, அம்மி, பந்து. கை நகராமலே இவ்வளவு சொல் கிடைக்கும். இரண்டாம் வாரம் நெடிலைச் சேர்: மாமா, தாத்தா, பாதி, தீ. மூன்றாம் வாரம் மேல்வரிசையும் கீழ்வரிசையும். அப்போது ஊர்ப்பெயர்களை எடுத்துக்கொள்: ஈரோடு, பவானி, தாராபுரம், சத்தியமங்கலம், பொள்ளாச்சி. கோபிசெட்டிபாளையம் பதினாறு தட்டு. அது தடுமாறாமல் வந்துவிட்டால் ஏறக்குறைய எல்லா வரிசையும் கைக்கு வந்துவிட்டது. ன, ண, ந மூன்றும் மூன்று இடத்தில் இருப்பதுதான் கடைசி வரை இழுக்கும், அதற்குத் தனியாகப் பத்துச் சொல் எழுதிப் பழகு. இந்த மூன்று வாரமும் மலர் வேலையைப் பழைய முறையிலேயே செய். அவசர வேலையைப் புது விசையில் அடித்தால் கோபம்தான் வரும், கை பழகாது. ஆனால் நாலாம் வாரத்தில் பழையதை முழுக்க நிறுத்திவிடு. இரண்டையும் கலந்து வைத்திருப்பவர்களுக்கு இரண்டிலும் வேகம் வருவதில்லை.

செல்போனிலும் இதே அமைப்பு வேண்டுமென்றால் செல்லினம் என்ற செயலியில் தமிழ்99 இருக்கிறது.

அச்சகத்து ஃபைலை வேர்டில் திறந்து, ஒரு வரியைத் தேர்ந்தெடுத்தால் மேலே ஃபாண்ட் பெட்டியில் ஒரு பெயர் தெரியும். தலைப்பில் ஒன்றும் உள்ளே வேறொன்றும் இருக்கலாம், இரண்டையும் பார்த்து எழுதி அனுப்பு. ஃபைலைப் பென்டிரைவில் போட்டு வை. மாசியில் வரும்போது நானே உட்கார்ந்து மாற்றித் தருகிறேன், ஸ்ரீயையும் பௌர்ணமியையும் இரண்டு பேரும் சேர்ந்து பார்த்துவிடலாம்.

அன்புடன்,
உன் மச்சான்