கோப்பி கேட்ட கதை: ஒரு நன்றி மடல்

சுங்கை சிப்புட் மக்களுக்கு வணக்கம்.

என்னைப் பலருக்குத் தெரியும். செம்பனை ஆலையில் லோரி நிறுக்கும் கிராணி. அதிகம் பேசமாட்டான், அமைதியான ஆள் என்று பேர். அமைதியெல்லாம் ஒன்றுமில்லை, திக்குவாய். ‘க’வில் தொடங்கும் சொல் தொண்டையிலேயே மாட்டிக்கொள்ளும். அதனால் இருபது வருஷமாக ஒட்டுக்கடையில் தே குடித்தேன். எனக்குப் பிடித்தது கோப்பி.

மகனுக்கு மூன்றரை வயதில் திக்க ஆரம்பித்தது. “அ-அ-அ-அப்பா” என்று அவன் கூப்பிட்ட அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை. என்னைப் பார்த்துப் பழகிவிட்டான் என்றார்கள் சொந்தக்காரர்கள். அம்மா வசம்பைச் சுட்டு நாக்கில் தேய்த்தார். தானாக நின்றுவிடும் என்றவர்களும் உண்டு. பெரும்பாலான பிள்ளைகளுக்கு நின்றும்விடுகிறது.

முதல் நன்றி பாலர் பள்ளி டீச்சருக்கு. ஒரு வருஷம் தாண்டிவிட்டது, குடும்பத்திலும் இருக்கிறது, இனி காத்திருக்காதீர்கள் என்று அவர்தான் எங்களைக் கிளினிக்குக்கு அனுப்பினார். வகுப்பில் அவனைப் பக்கத்துப் பிள்ளையோடு சேர்த்து வாசிக்கவைத்தார். கூடச் சேர்ந்து வாசித்தால் திக்காது. தேவாரம் பாடினாலும் அப்படித்தான். (“பாட வருது, பேச வராதா?” என்று என்னை மேசைமேல் நிறுத்திய வாத்தியாரும் இருந்தார். சரி, அது பழைய கதை.)

அடுத்தது, ஈப்போ மருத்துவமனைப் பேச்சுப் பயிற்சியாளர். மலாய்க்கார அம்மையார். திக்கல் பயத்தால் வருவதில்லை, பார்த்துப் பழகியும் வருவதில்லை, மூளை பேச்சை ஓட்டும் விதத்தில் உள்ள வேறுபாடு, பரம்பரையாகவும் வரும் என்று முதல் நாளே சொன்னார். திரும்பும் வழியெல்லாம் என் மனைவி காரில் அழுதுகொண்டே வந்தாள். அவ்வளவு நாளும் தன் வளர்ப்பைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள்.

ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்காகச் சிட்னி பல்கலைக்கழகத்தில் உருவான லிட்கம் முறையை அவர் எங்களுக்குப் பழக்கினார். தினமும் கால் மணி நேரம் விளையாட்டாகப் பேச்சு. திக்காமல் வந்தால் “அழகா வந்துச்சு” என்று சொல்ல வேண்டும். அன்றைய திக்கலுக்கு 0 (திக்கலே இல்லை) முதல் 9 (மிகக் கடுமை) வரை நாங்களே மதிப்பெண் போட வேண்டும். ஐஸ் பெட்டியில் ஒட்டிய தாளில் முதல் வாரம் முழுக்க 6, 7. தீபாவளிக்கு முந்தின வாரம் 1.

அப்புறம் ஒருநாள் அவர் பேனாவை வைத்துவிட்டு, “உங்களுக்கு எப்போது ஆரம்பிக்கலாம்?” என்றார். என் வயதில் முழுக்கப் போவது அரிது என்பதையும் ஒளிக்கவில்லை. ‘க’வை முட்டித் தள்ளாமல் மெல்லத் தொடங்கவும், மாட்டினால் நிதானமாக வெளியே வரவும், எவ்வளவு திக்கினாலும் சொல்லை மாற்றாமல் இருக்கவும் சொல்லிக்கொடுத்தார்.

ஆலைக்கு வரும் லோரி டிரைவர்களே, நான் எடையைச் சொல்லி முடிக்கும் முன்னே நீங்கள் முந்திச் சொல்வதை நிறுத்தினீர்களே, அதற்குப் பெரிய நன்றி. பின்னால் எத்தனை லோரி நின்றாலும் ஹாரன் அடிக்கவில்லை.

கடைசியாக ஒட்டுக்கடை அண்ணன். போன மாதம் நான் உட்கார்ந்ததும் வழக்கம்போலத் தே கலக்க ஆரம்பித்துவிட்டார். “அண்ணே, க்... க்...” என்றேன். கரண்டியைக் கீழே வைத்தார். பக்கத்து மேசையும் அமைதியாகிவிட்டது. “க்க்கோப்பி” என்று வந்து சேர எவ்வளவு நேரமாயிற்றோ தெரியாது.

“சீனி போடவா?” என்று மட்டும் கேட்டார்.

நன்றியுடன்,
எடைக் கிராணி,
சுங்கை சிப்புட்