கேட்காமல் ஃபார்மட் போடாதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். உசிலம்பட்டியில் டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். காதணி விழா, வசந்த விழா பத்திரிகை அடிப்பதோடு, விசேஷ வீடுகளுக்குக் கம்ப்யூட்டர் மொய் எழுதவும் போகிறோம்.

எங்கள் வாடிக்கையாளர் ஒருவர், விண்டோஸ் குறி சுற்றிக்கொண்டே நிற்கிறது என்று வீட்டுக் கம்ப்யூட்டரை ஒரு சர்வீஸ் கடையில் கொடுத்தார். ஒரு வார்த்தை கேட்காமல் ஃபார்மட் போட்டு, அதாவது விண்டோஸ் இருக்கும் சி டிரைவை முழுக்க அழித்துப் புதிதாக விண்டோஸ் ஏற்றிக் கொடுத்துவிட்டார்கள். யார் யாருக்குத் திருப்பிச் செய்தாயிற்று, யாருக்குப் பாக்கி என்று அவர் வருஷக்கணக்காகக் குறித்து வந்த மொய்க் கணக்கு டெஸ்க்டாப்பில் இருந்தது. அத்தனையும் போச்சு. இனி யார் வீட்டு விசேஷத்துக்கு எவ்வளவு எழுதுவது என்று தெரியாமல் அந்தக் குடும்பமே தவிக்கிறது. “டி டிரைவில் வைத்திருந்தால் தப்பித்திருக்கும்” என்றார்களாம். டெஸ்க்டாப்பில் வைப்பதெல்லாம் சி டிரைவில்தான் போய்ச் சேரும் என்று வீட்டில் இருப்பவர்களுக்கு எப்படித் தெரியும்?

அத்தியாவசியமானவை மட்டும் இயங்கும் சேஃப் மோடில் திறந்து பார்த்திருக்கலாம், விண்டோஸை முன்பிருந்த நிலைக்குக் கொண்டுபோகும் சிஸ்டம் ரெஸ்டோர் செய்திருக்கலாம். எதுவும் சரிவராவிட்டால், ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி யு.எஸ்.பி. கேபிளில் வேறு கம்ப்யூட்டரோடு இணைத்து, ஃபைல்களை எடுத்து வைத்துவிட்டு அப்புறம் ஃபார்மட் போட்டிருக்கலாமே!

சில கம்ப்யூட்டர்களில் கரண்ட் போய் வந்ததும் தேதி பழைய வருஷத்துக்கு ஓடிவிடும். வங்கித் தளத்தைத் திறந்தால் ‘பாதுகாப்பில்லாத இணைப்பு’ என்று எச்சரிக்கை வரும். இதற்கும் ஃபார்மட் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். மதர்போர்டில் இருக்கும் சி.ஆர்.2032 பட்டன் பேட்டரியை மாற்றித் தேதியைச் சரிசெய்தால் வேலை முடிந்தது.

ஃபார்மட் போட்ட பிறகு இன்னொரு கொடுமையும் நடக்கிறது. பாமினி என்ற தமிழ் எழுத்துருவில் (ஃபான்ட்) அடித்த ‘அம்மா’, ஆங்கிலத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று தெரியும். ஃபைல் கெட்டுப்போனதாக நினைத்துப் பலர் அழித்தே விடுகிறார்கள். தயவுசெய்து அழிக்காதீர்கள். ஃபான்ட்தான் போயிருக்கிறது, திரும்ப ஏற்றினால் எழுத்து அப்படியே வந்துவிடும்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-உடன் நிறுத்திவிட்டதால், 11-க்கு மாற்றச் சொல்லிப் பலர் கடைக்கு வருகிறார்கள். தகுதியுள்ள கம்ப்யூட்டரில் ஃபைல்களை வைத்துக்கொண்டே மாற்றலாம். அதற்கு முன் முக்கியமானதை ஒரு பென் டிரைவிலாவது எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தவறிப்போய் ஃபார்மட் ஆகிவிட்டால் உடனே கம்ப்யூட்டரை அணைத்துவிடுங்கள். ஹார்டு டிஸ்க்கில் ஓரளவு மீட்க வாய்ப்புண்டு. ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக வரும் எஸ்.எஸ்.டி. என்றால் பெரும்பாலும் கிடைக்காது.

சர்வீஸ் கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஃபார்மட் போடுமுன் வாடிக்கையாளரிடம் கேளுங்கள். எதையெல்லாம் காப்பி எடுத்தோம் என்று ரசீதில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
டி.டி.பி. கடைக்காரர்,
உசிலம்பட்டி, மதுரை மாவட்டம்