ஐஎஸ்ஓ யாருக்கும் சர்ட்டிபிகேட் குடுக்கறதில்லைங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ் சிறுதொழில் பக்கத்துல ஒரு கம்பெனிக்கு ஜெனீவால இருக்கற ஐஎஸ்ஓ அமைப்பே சர்ட்டிபிகேட் குடுத்துச்சுன்னு போட்ருந்தீங்க. அப்படி நடக்கவே நடக்காதுங்க. ஐஎஸ்ஓ ஸ்டாண்டர்டை எழுதி வெளியிடும், அதோட சரி, அவங்க லோகோவ சர்ட்டிபிகேட்ல போடக்கூட விடமாட்டாங்க. குடுக்கறது தனித்தனி சர்ட்டிபிகேஷன் பாடிங்க, அவங்க ஒழுங்கா ஆடிட் பண்றாங்களான்னு பாக்கறதுக்கு மேல இன்னொரு அமைப்பு, நம்ம நாட்டுல அது என்ஏபிசிபி.

நான் கோயமுத்தூர்ல ஒரு பம்ப் கம்பெனில குவாலிட்டி பாக்கறேன். ஐஎஸ்ஓ 9001, அதாவது கம்பெனிய தரமா நடத்தற முறைக்கான சர்ட்டிபிகேட், எடுக்கணும்னா வேலை செய்யற முறைய எழுதி வெச்சு, அதே மாதிரி கொஞ்ச மாசம் ஓட்டி ரெக்கார்டு சேத்து, இன்டர்னல் ஆடிட், மேனேஜ்மென்ட் ரிவ்யூ எல்லாம் முடிச்சாதான் வெளி ஆடிட்டரையே கூப்பிட முடியும். ஸ்டேஜ் ஒன்ல நாம ரெடியான்னு பாப்பாங்க, ஸ்டேஜ் டூலதான் உண்மையான ஆடிட். எங்களுக்கு வந்தவர் எம்.டி. ரூம்ல காப்பிய குடிச்ச கையோட நேரா லேத்துகிட்ட போய், ஓட்டிட்டிருந்த பையன்கிட்ட "தம்பி, இந்த ட்ராயிங் எத்தனாவது ரிவிஷன்?"னு கேட்டார், அப்புறம் அவன் கைல இருந்த வெர்னியரை, அதான் அளவு பாக்கற கருவி, வாங்கி திருப்பி, அது சரியா அளக்குதான்னு செக் பண்ணி ஒட்டற காலிபரேஷன் ஸ்டிக்கர்ல தேதிய பாத்தார். தேதி முடிஞ்சிருந்தா அங்கயே என்சி, அதாவது முறைப்படி இல்லைன்னு குறை, எழுதிடுவாங்க, ஏன் ஆச்சுன்னு காரணம் கண்டுபிடிச்சு சரி பண்ணி காட்டணும். சர்ட்டிபிகேட் கைக்கு வந்தப்புறமும் 3 வருஷம்தான் செல்லும், நடுவுல அதே மாதிரி நடக்குதான்னு பாக்க வருஷா வருஷம் சர்வைலன்ஸ் ஆடிட் வேற.

இப்ப வாட்ஸ்அப்ல "ஒரே வாரத்துல 9001, ஆடிட் தேவையில்ல"ன்னு மெசேஜ் வருது, கன்சல்டன்டும் அவரே சர்ட்டிபிகேட் குடுக்கறவரும் அவரே. இது சர்ட்டிபிகேஷன் பாடிங்களுக்குன்னு இருக்கற 17021 ஸ்டாண்டர்டுபடி கூடவே கூடாது. ஆனா டெண்டர்ல ஜெராக்ஸ் காப்பி இருக்கான்னு மட்டும் பாத்தா யாருதான் கஷ்டப்பட்டு ஆடிட்டுக்கு உக்காருவாங்க? சர்ட்டிபிகேட் உண்மையான்னு பாக்க ஐஏஎஃப் செர்ட்சர்ச்னு ஒரு சைட் இருக்கு, கம்பெனி பேரைப் போட்டு பாக்க எவ்ளோ நேரம் ஆகப்போகுது, அதுக்கே நம்மாளுங்களுக்கு சோம்பேறித்தனம்.

இன்னொன்னு, "ஐஎஸ்ஓ 9001 மோட்டார்"னு விளம்பரமும் உங்க பத்திரிகைலயே வருது. 9001 கம்பெனி நடத்தற முறைக்கு, மோட்டாருக்கு இல்ல. பொருளுக்குன்னா இந்திய தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ் குடுக்கற ஐஎஸ்ஐ முத்திரை, அது தனி.

அடுத்த தடவ இந்த மாதிரி நியூஸ் வந்தா எந்த பாடி குடுத்துச்சு, ஸ்கோப் என்ன (எந்தெந்த வேலைக்கு), எதுவரைக்கும் செல்லும்னு கேட்டு போடுங்க. எல்லாம் சர்ட்டிபிகேட்லயே அச்சடிச்சிருக்கும்.

ஒரு வாசகர்,
கோயமுத்தூர்