உப்புக் கணக்கைக் கேளுங்கள்

பாலாற்றுக்காக உச்ச நீதிமன்ற உத்தரவின்படி அமைந்த கண்காணிப்புக் குழுவினருக்கு,

வணக்கம். ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவே, ஆற்றங்கரையில்தான் எங்கள் நிலம். எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் கொஞ்சம் எவர்சில்வர் தட்டில் ஊற்றி வெயிலில் வைத்துப் பாருங்கள். சாயங்காலத்துக்குள் வெள்ளையாகப் பொடி படிந்திருக்கும். நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்தால் கரிக்கும். அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது, டீ போட்டால் பால் திரியும். தென்னை நிற்கிறது, ஆனால் காய் குரும்பையிலேயே கொட்டிவிடுகிறது. அப்பா காலத்தில் ஆற்று மணலைக் கையால் பறித்தாலே ஊற்று சுரக்கும் என்பார்கள். அந்த ஊற்றில் குடம் நிரப்பி வந்த அத்தை இன்றைக்கும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறார், கேன் தண்ணீர் குடித்துக்கொண்டு.

தோல் பதனிடும் டேனரிகளின் கழிவால் பாலாறு கெடுகிறது என்று வேலூர் மக்கள் போட்ட வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது 1991-ல். மாசு செய்தவரே அதற்கு ஈடுகட்ட வேண்டும் என்பதை இந்த நாட்டின் சட்டமாக்கிய தீர்ப்பு 1996 ஆகஸ்ட் 28-ல் வந்தது. அந்தத் தீர்ப்பின்படி அமைந்த ஆணையம் 2001-ல் 29,193 பேருக்கு ரூ.26.82 கோடி இழப்பீடு என்று கணக்கிட்டது. வகுத்துப் பார்த்தால் ஆளுக்குப் பத்தாயிரம்கூட வராது. அப்புறம் 2025 ஜனவரி 30-ல், உங்கள் குழுவை அமைக்கச் சொல்லி மறுபடி ஒரு தீர்ப்பு. வழக்குப் போட்ட வருடம் பிறந்த பிள்ளைகள் இன்று தங்கள் பிள்ளைகளைப் பள்ளியில் விடுகிறார்கள். இத்தனைக்குப் பிறகும் கிணறு கரிக்கிறது என்றால், நாம் பார்க்க வேண்டிய இடத்தில் பார்க்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பச்சைத் தோல் கெடாமல் இருக்க அதில் உப்பைத் தடவித்தான் டேனரிக்கு அனுப்புகிறார்கள். தோலின் எடையில் ஏறக்குறைய நாற்பது சதவீதம் உப்பு. அதை ஊறல் தொட்டியில் போட்டதும் தண்ணீர் கடல்நீர் மாதிரி ஆகிவிடும். சுத்திகரிப்பு நிலையத்தில் வளர்க்கும் பாக்டீரியா தோலிலிருந்து வரும் கொழுப்பையும் புரதத்தையும் தின்னும், உப்பைத் தொடாது. நாற்றமும் நிறமும் போய்த் தெளிந்து வரும் தண்ணீரிலும் உப்பு அப்படியே இருக்கும். அதைப் பிரிக்க எதிர் சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.) இயந்திரம் வேண்டும், அதில் மிஞ்சும் கழிவைக் காய்ச்சி வற்றவைக்கும் இயந்திரம் வேண்டும். இரண்டும் மின்சாரத்தை விழுங்குபவை. ஓட்டினால் செலவு, ஓட்டாவிட்டால் லாபம் என்று இருக்கும் இடத்தில் தவறு நடக்கத்தானே செய்யும்?

ஒரு வருடம் ஐப்பசி மழையில், நள்ளிரவில் எங்கள் ஊர் ஓடையில் நுரை பொங்கி வந்தது. முழங்கால் உயரம் இருக்கும். டார்ச் அடித்தால் சோப்பு நுரை போல மினுங்கியது, அழுகிய முட்டை நாற்றம். புகார் எண்ணுக்குப் போன் போட்டோம். ஆள் வந்தது மறுநாள் பிற்பகல். பாட்டிலில் பிடித்துப்போனது மழைத்தண்ணீரை. அளவு சரியாக இருக்கிறது என்று பதில் வந்தது. சரியாகத்தான் இருந்திருக்கும், அந்த நேரத்துக்கு!

அதனால்தான் சொல்கிறேன், பாட்டிலை மட்டும் நம்பாதீர்கள். வெளியேற்றும் நீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. அந்த அளவை எடுக்கும் நிமிடத்துக்கு மட்டும் அது உண்மை. உப்புக் கணக்கு அப்படி அல்ல. இந்த மாதம் எத்தனை டன் உப்புத் தோல் வந்தது, ஊறவைக்கும் முன் உதறி எடுத்த உப்பு எவ்வளவு, காய்ச்சி எடுத்து மூட்டை கட்டியது எவ்வளவு? உள்ளே வந்த உப்பு காற்றில் ஆவியாகாது. கணக்கில் விழும் பள்ளம் எவ்வளவோ, அவ்வளவும் பாலாற்றுக்குத்தான் வந்திருக்கிறது. கூடவே மின்கட்டண ரசீதையும் வாங்கிப் பாருங்கள். தோல் வரத்து குறையாமல், காய்ச்சும் இயந்திரத்தின் மின்செலவு மட்டும் பாதியானால், அந்த மாதக் கழிவு எங்கே போனது என்று கேளுங்கள்.

தோலைப் பதப்படுத்தப் போடும் குரோமியம் உப்பான குரோமுக்கும் இதே கணக்குதான். சாதாரண முறையில் போடும் குரோமில் அறுபது, எழுபது சதவீதத்தைத்தான் தோல் பிடிக்கும். மிச்சத்தை மெக்னீசியம் ஆக்சைடு போட்டுப் படியவைத்து, கந்தக அமிலத்தில் கரைத்து மறுபடி பயன்படுத்தலாம். வாங்கியது எவ்வளவு, மீட்டது எவ்வளவு, கசடாகப் போனது எவ்வளவு என்று மூன்று எண்கள் போதும்.

தொழிலை மூடச் சொல்லி இதை எழுதவில்லை. என் தங்கை மகன் ஷூ கம்பெனியில்தான் வேலை பார்க்கிறான். எங்கள் தெருவில் பாதி வீட்டில் அடுப்பெரிவது தோலால்தான். கழிவைக் கவனிக்காமல் விட்டால் முதலில் அடிபடுவதும் உழைக்கிறவர்கள்தான். 2015 ஜனவரி 31 விடிவதற்குள் ராணிப்பேட்டையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் உடைந்து, பக்கத்துத் தொழிற்சாலையில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளிகள் செத்தார்கள். பிழைக்க வந்தவர்கள், தூக்கத்திலேயே சேற்றில் மூழ்கிப்போனார்கள். அந்தத் தொட்டிக்குள் எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு தாங்கும் என்று யாராவது கணக்கு வைத்திருந்தால் அவர்கள் எழுந்து டீ குடித்திருப்பார்கள். இதை நினைக்காமல் என்னால் அந்த வழியாகப் போக முடிவதில்லை.

இன்னொன்று, எங்கள் கிணறுகள். மழைக்கு முன்னும் பின்னுமாக வருடம் இரண்டு தடவை, ஊர்க்காரர்கள் பார்க்க மாதிரி எடுங்கள். ஒரு பாட்டிலுக்கு முத்திரை வைத்து ஊரிடமே கொடுங்கள். முடிவைத் தமிழில், பெரிய எழுத்தில், ரேஷன் கடைச் சுவரில் ஒட்டுங்கள். அரிசி வாங்க வரும் அம்மாக்கள் நின்று படிப்பார்கள். குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை என்பது தர விதி. அந்த இரண்டு எண்ணையும் பக்கத்திலேயே எழுதுங்கள். நாங்களே ஒப்பிட்டுக்கொள்வோம்.

வடகிழக்கு மழை தொடங்கும் முன் முதல் உப்புக் கணக்கை வாங்கிவிடுங்கள். எங்கள் கிணற்றில் கயிறும் வாளியும் தயாராக இருக்கின்றன. ராத்திரி வந்தாலும் எழுப்புங்கள்.

இப்படிக்கு,
பாலாற்றங்கரை விவசாயி ஒருவன்