மொழிப் பள்ளிகளுக்கு வாடகை வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

பொதுப் பள்ளிக் கட்டடங்களில் வார இறுதியில் பிள்ளைகளுக்குத் தாய்மொழி கற்றுத்தரும் சமூக மொழிப் பள்ளிகளிடம் இனி வாடகை வசூலிக்கப்படும் என்ற செய்தியைத் தங்கள் நாளிதழில் படித்தேன். தாய்மொழி வகுப்புகள் பிள்ளைகளை ஒதுங்கி வாழப் பழக்கும் என்று சிலர் இதை ஆதரித்துப் பேசியிருப்பது வருத்தம் தருகிறது. அப்படியொரு பள்ளியில் ஊதியம் இல்லாமல் பாடம் நடத்துபவன் நான். வீட்டில் என்ன கேட்டாலும் நாட்டின் பொதுமொழியிலேயே பதில் சொல்லிவந்த ஒரு சிறுவன், எழுத்துக்கூட்டிப் படிக்க வந்ததும் பாட்டி அனுப்பிய குறுஞ்செய்தியைத் தானே வாசித்துத் தப்பும் தவறுமாகப் பதில் எழுதினான். அப்புறம் பாட்டியிடம் கேட்ட கதையைத் தன் வகுப்பில் பொதுமொழியில் சொல்லிக் கைதட்டலும் வாங்கினான். இதில் ஒதுங்கல் எங்கே இருக்கிறது?

1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 29ஆவது பிரிவு, பிள்ளையின் சொந்த மொழியையும் அது வாழும் நாட்டின் விழுமியங்களையும் மதிக்கக் கற்றுத்தருவதைக் கல்வியின் நோக்கங்களில் சேர்த்தே சொல்கிறது. விடுமுறை நாளில் பூட்டிக் கிடக்கும் வகுப்பறைகளை இந்தப் பள்ளிகளுக்கு இலவசமாகவே தர வேண்டும். அங்கே படிக்கும் மொழியைப் பள்ளி இறுதித் தேர்வில் ஒரு பாடமாக எழுதவும் கல்வித் துறை வழிசெய்யலாம்.

— தன்னார்வ மொழி ஆசிரியர் ஒருவர்