ஒரே தீவில் வாழும் நீலப் பறவைக்கு ஒரு தமிழ் நூல்: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

சென்ற வசந்தத்தில் கலிபோர்னியாவின் வெஞ்சுரா துறைமுகத்தில் படகேறி, நம் குடும்பங்கள் சில சாண்டா குரூஸ் தீவுக்குப் போய்வந்தோம். ஓக் மரத்தில் அடர்நீலப் பறவையொன்று கொட்டையைக் கவ்விக்கொண்டு நின்றது. "வீட்டுத் தோட்டத்துக்கு வருமே, அந்த ஜே தானே?" என்று ஒரு சிறுமி கேட்டாள். விடை சொல்லத் தமிழில் ஒரு நூல் இல்லையே என்ற ஏக்கத்தில் பிறந்ததே இந்த முயற்சி.

அது வேறு பறவை. ஜே என்பது காக்கைக் குடும்பத்துப் பறவை. சாண்டா குரூஸில் மட்டுமே வாழும் இந்தத் தீவு ஜே, கலிபோர்னியக் கரையில் வாழும் ஜேயைவிடப் பருத்தது, நீலமும் அடர்ந்தது. 1886-இல் அமெரிக்கப் பறவையியலாளர் ஹென்ஷா இதைத் தனி இனமாகவே விவரித்தார். பின்னர் நெடுங்காலம் புதர் ஜே (Scrub Jay) என்ற இனத்தின் துணையினமாக ஒதுக்கப்பட்டிருந்தது. 1995-இல்தான் அமெரிக்கப் பறவையியலாளர் சங்கம் புதர் ஜேயைத் தீவு, புளோரிடா, மேற்கு என மூன்று இனங்களாகப் பிரித்தது. புளோரிடா ஜேயில் வளர்ந்த பிள்ளைகள் பெற்றோருடன் தங்கித் தம்பி தங்கைகளுக்கு இரையூட்டும். தீவு ஜேயிடம் அந்த வழக்கம் இல்லை. தீவுக்குள்ளேயே பைன் காட்டுப் பறவைக்கு அலகு நீளம், ஓக் காட்டுப் பறவைக்கு அலகு தடிப்பு. எங்களை மிகவும் வியக்கவைப்பது இதுதான்.

நம்மூரில் 'புளூ ஜே' என்று சிலர் அழைக்கும் பனங்காடை இதற்கு உறவே இல்லை. காக்கைக் குடும்பத்து வால்காக்கைதான் தூரத்துச் சொந்தம்.

தீவின் பரப்பு சுமார் 250 சதுர கிலோமீட்டர். 2008-ஐ ஒட்டிய ஆய்வு மதிப்பிட்ட எண்ணிக்கை ஏறத்தாழ 2,300. கொசுவால் பரவிப் பறவைகளைக் கொல்லும் வெஸ்ட் நைல் வைரஸ் தீவை எட்டினால் தப்பிச் செல்ல இவற்றுக்கு வேறு நிலம் கிடையாது. அந்த அச்சத்தால்தான் ஆய்வாளர்கள் பறவைகளைப் பிடித்துத் தடுப்பூசி போட்டார்கள். பக்கத்துச் சாண்டா ரோசா தீவில் இப்போது கிடைப்பது இவற்றின் எலும்புகள் மட்டுமே. ஆடுகளும் பன்றிகளும் அகற்றப்பட்ட சாண்டா குரூஸில் காடு மீள்கிறது. இவை புதைத்து மறந்த கொட்டைகளும் அங்கே ஓக் கன்றுகளாகின்றன.

வண்ணப் படங்களுடன் 48 பக்க நூல், 500 படிகள். வார இறுதித் தமிழ்ப் பள்ளி மாணவர்கள் 30 பேருக்குப் படகு டிக்கெட். இவ்வளவுக்கும் 6,000 டாலர் தேவை. பத்து டாலரும் எங்களுக்குப் பெரிது. குழு உறுப்பினர் எவரிடமும் தந்து ரசீது பெற்றுக்கொள்ளுங்கள்; வரவு செலவு முழுவதையும் நன்கொடையாளர் அனைவருக்கும் அனுப்புவோம்.

தீவில் நீங்கள் எடுத்த நல்ல படங்கள் இருந்தால் அவற்றையும் கொடுத்து உதவுங்கள். குறிப்பாக, கூட்டில் குஞ்சுகளுடன் இருக்கும் படம் எங்களிடம் ஒன்றுகூட இல்லை.

அன்புடன்,
நூலாக்கக் குழுவினர்